காவலூருக்குப் பறந்தால் எவ்வளவு தூரம்?

சென்னை 13.08° வடக்கு, 80.27° கிழக்கு. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 12.58°, 78.83°.

அட்சரேகை வித்தியாசம் 0.50. டிகிரிக்கு 111 கி.மீ., அதாவது 56. தீர்க்கரேகை வித்தியாசம் 1.44. துருவம் நோக்கிப் போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்குதே, அதனால 111-ஐ காஸ் 12.8°-ஆல் பெருக்கணும்: டிகிரிக்கு 108, மொத்தம் 156. மிச்சம் நம்ம பழைய பிதாகரஸ்தான்: சுமார் 166 கி.மீ. (லண்டனுக்கு இது செல்லாது, ஹாவர்சைன் வேணும்.)

மணிக்கு 800 கி.மீ. வேகம்னா 12 நிமிஷம்! ஆனா அந்த வேகம் மேலே ஏறின பிறகுதான். சென்னை–பெங்களூரு விமான நிலையங்களுக்கு நடுவே சுமார் 270 கி.மீ.; கணக்குப்படி 20 நிமிஷம், டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மலையிலிருந்து நோயாளியை இறக்குற ஆம்புலன்ஸுக்கு நேர்கோடு உதவவே உதவாது. அங்கே தூரத்தை நிமிஷத்தில்தான் சொல்லணும். வளைவுகளில் வேகம் 30-க்கு இறங்கினா, 15 கி.மீ.க்கே அரை மணி.