குளோரின் வாடையும் டிடிஎஸ் மீட்டரும்

சித்திரை வெயில் ஏறியதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து அடுக்ககங்களில் பிள்ளைகள் துண்டும் கையுமாகப் பூல் பக்கம் ஓடுகிறார்கள். புதிதாகக் கட்டிய சில இடங்களில் பூல் ஓரமாகக் குமிழியிடும் வெந்நீர்த் தொட்டி ஒன்றும் இருக்கிறது. விளம்பரத்தில் அதற்கு ஜக்குஸி என்று பெயர். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அப்படியோர் அடுக்ககத்துக்குச் சென்ற கோடையில் போயிருந்தேன். அசோசியேஷன் பொருளாளர் சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை எடுத்துத் தொட்டியில் முக்கினார். “நானூறுக்குள்ளதான் சார். நம்ம போர் தண்ணி ஆயிரத்துக்கு மேல. இது சுத்தம்.”

ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர்கள் வீடுவீடாக நடத்திவிட்டுப் போன பாடம் இது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் கணக்கு. கிருமி அந்தக் கணக்கில் வராது. நானூறு காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், ஆயிரம் காட்டும் தண்ணீரில் இல்லாமலும் இருக்கலாம்.

‘உள்ளே நுழையும்போதே குளோரின் வாடை தூக்குகிறது, அப்படியானால் தண்ணீர் சுத்தம்’ என்பது இன்னொரு நம்பிக்கை. உண்மை நேர் எதிர். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் தன் சக்தியை இழக்கும்போது பிறப்பவை குளோரமைன்கள். மூக்கைத் துளைப்பதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அவைதான். நன்றாகப் பராமரித்த குளத்தில் வாடை அவ்வளவாக இருக்காது. வாடை கூடினால், குளிக்காமல் இறங்கியவர்கள் அதிகம் என்று பொருள். (யார் என்று கேட்டால் எல்லோரும் குழந்தைகளைத்தான் கைகாட்டுவார்கள்.)

‘வெந்நீரில் கிருமி செத்துவிடும்’ என்கிறார்களே, அதுதான் ஆபத்தான நம்பிக்கை. ஜக்குஸியின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்புக்கு ஆகாது. அந்தச் சூடு கிருமிக்குச் சாவு இல்லை, சௌகரியம். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும். அதைக் கொல்ல 60 டிகிரிக்கு மேல் வேண்டும். போதாக்குறைக்கு, சூடும் குமிழியும் குளோரினைச் சீக்கிரம் விரட்டிவிடும். நாலு பேர் உட்கார்ந்த சிறு தொட்டி, நாற்பது பேர் நீந்திய குளத்தைவிட வேகமாகக் கெடுவது இதனால்தான்.

‘நான் இறங்கவே இல்லை, எனக்கென்ன’ என்பவர்களுக்கு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரைச் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் அங்கே ஒரு மலர்க் கண்காட்சி. விற்பனைக்காகத் தண்ணீர் நிரப்பி, சூடேற்றி, குமிழி விட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள் ஒரு வெந்நீர்த் தொட்டியை. அதில் யாரும் குளிக்கவில்லை. பூப்பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் நடந்துபோனார்கள், அவ்வளவுதான். குமிழி வெடித்துக் கிளம்பிய, லீஜியோனெல்லா கலந்த கண்ணுக்குத் தெரியாத சாரலை மூச்சில் இழுத்து 200 பேருக்கும் மேல் நோயில் விழுந்தார்கள்; குறைந்தது 32 பேர் இறந்தார்கள். காய்ச்சலும் இருமலுமாக வரும் ஒருவகை நிமோனியா இது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களையும் புகைபிடிப்பவர்களையும் நுரையீரல் நோயுள்ளவர்களையும் அதிகம் தாக்கும். ஜக்குஸிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், அதை மருத்துவரிடம் நாமாகச் சொல்லிவிடுவது நல்லது. அவராகக் கேட்க வாய்ப்பு குறைவு.

இனி பிளீச்சிங் பவுடர். ‘நிறையப் போட்டால் நிறையச் சுத்தம்’ என்று படிப்பில்லாதவர்கள் மட்டும் நினைப்பதில்லை. குளோரின் வேலை செய்வது பி.எச். அளவைப் பொறுத்தது. 7.5-இல் ஏறத்தாழ பாதிக் குளோரின் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்கு ஏறினால் அது கால் பங்காகிவிடும். பிளீச்சிங் பவுடரோ பி.எச்.சை ஏற்றிவிடும் பொருள். போடப்போட, போட்டதே வீணாகும் விசித்திரம். குளோரின் மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் பல வகைகளில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கும். வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதால் மொட்டைமாடிப் பூலுக்கு அது உதவலாம். வெந்நீர்த் தொட்டியில் குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் அங்கே வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி.

அதே மையம் சொல்லும் அளவுகள் இவை: பி.எச். 7.0 முதல் 7.8 வரை, தனிக் குளோரின் (சக்தி இழக்காமல் மிஞ்சியிருப்பது) பூலில் குறைந்தது 1 பிபிஎம், வெந்நீர்த் தொட்டியில் 3 பிபிஎம். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர் கையில் பார்த்திருப்பீர்களே, சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் குளோரோஸ்கோப், அது குடிநீருக்குச் சரி. இங்கே போதாது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால், சக்தி இழந்த குளோரினையும் சேர்த்தே மஞ்சளாகக் காட்டிவிடும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரை தனிக் குளோரினைப் பிரித்துச் சொல்லும். சோதனைப் பட்டையும் நல்லதுதான், ஈரக் கையால் எடுத்து டப்பாவை நனைத்து வைக்காத வரை. திறப்பதற்கு முன் ஒரு தடவை, கூட்டம் வந்த பின் ஒரு தடவை பார்க்க வேண்டும். ‘நேற்றுதான் லாரித் தண்ணீர் மாற்றினோம்’ என்பது பதிலாகாது. தண்ணீர் போனாலும், குழாயின் உள்சுவரில் படிந்த வழுவழுப்பு போகாது. கிருமி குடியிருப்பது அதில்தான்.

2024 மே முதல் ஜூலைக்குள் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் மூன்று பிள்ளைகள் இறந்தபோது இங்கேயும் வாட்ஸ்ஆப் பரபரத்தது. ‘தண்ணீரை விழுங்கினால் வரும்’ என்றார்கள். விழுங்கினால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் வரும். குளோரின் அளவு குறையாத குளத்தில் அந்த அமீபா பிழைக்காது.

பூந்தமல்லி அடுக்ககத்தில் அன்று என் பையிலிருந்த சோதனைப் பட்டை ஒன்றைப் பூல் பையனிடம் கொடுத்து ஜக்குஸியில் முக்கச் சொன்னேன். குளோரின் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. வெளியே துண்டோடு பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். பொருளாளர் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, “சரிப்பா, கதவைச் சாத்து” என்றார்.