உட்கருவின் அரண்

நுழையும்முன்

பணம், கடிதம், ஒளிப்படம் என நம் உடைமைகள் பலவும் இன்று கணினிக்குள் உறைகின்றன. கணினியின் உட்கரு காக்கப்பட்டால்தான் அவையும் காக்கப்படும்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோவிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்னும் வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்துள்ளன. கணினியின் நுண்செயலியிலும் இத்தகைய அடுக்குகள் உண்டு. இன்டெல் நுண்செயலிகளில் 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்ட அதிகார வளையங்கள் உள்ளன. இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னல் 0 வளையத்திலும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் 3 ஆம் வளையத்திலும் இயங்குகின்றன. உட்கருவின் நினைவகத்தைக் கைப்பற்றியவர் கணினி முழுவதையும் கைப்பற்றியவராவார்.

லினக்ஸ் உட்கருவின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழி நினைவக எல்லையைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. பத்து எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் இருபது எழுத்துகள் நுழைந்தால், நிறைந்த கண்மாயின் நீர் கரை கடந்து வயலில் பாய்வதுபோல், மிகுதி அண்டை இடத்தை அழிக்கும். அவ்வழியே தீய கட்டளையைப் புகுத்துவது தாக்குவோர் உத்தியாகும்.

இதனைத் தடுக்கப் பல காப்புகள் உள்ளன. தரவு இருக்கும் இடத்தில் கட்டளை இயங்காதவாறு தடுப்பது ஒன்று. எல்லையில் மறை எண் ஒன்றை வைத்து, அது மாறியிருந்தால் இயக்கத்தை நிறுத்துவது மற்றொன்று. கணினி தொடங்கும்போதெல்லாம் உட்கருவின் இருப்பிடத்தை மாற்றியமைப்பது வேறொன்று. இது 2014 இல் லினக்ஸில் இடம்பெற்றது.

எனினும், 2018 சனவரியில் வெளியான 'மெல்ட்டவுன்' குறைபாடு, நுண்செயலியின் வழியாகவே உட்கருவின் நினைவகத்தைப் படிக்க இயலும் என்று காட்டியது. மென்பொருள் இயங்கும்போது உட்கருவின் நினைவக வரைபடம் அதன் பார்வையிலிருந்து விலக்கப்பட்டது. இதனால் கணினியின் வேகம் சற்றுக் குறைந்தது. ஆயினும் காவல் பெருகியது.

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க அமைப்பும் லினக்ஸ் உட்கருவைக் கொண்டதே. உலகெங்கும் உருவாகும் இக்காப்புகள் புதுப்பித்தல்களாக வருகின்றன; அவற்றை நிறுவாத கணினிக்கு அவற்றால் பயனில்லை. அரணைச் சிறப்பிக்கும் அதிகாரத்தைக் காப்போரின் செயல்திறனைக் கூறி வள்ளுவர் நிறைவு செய்கிறார். கணினி அரணுக்கும் அது பொருந்தும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளிக் கணினியின் இயக்க அமைப்பு இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைக் கண்டறிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.