திரை இருண்டால் முதலில் டார்ச்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்து வீடுகளில் அந்தக் கணினிகளில் சில இன்றும் ஓடுகின்றன. அக்கா படித்து முடித்ததும் தம்பிக்கு வந்துவிடும். புது விண்டோஸை அவை தாங்காது. அதனால் லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு போட்டுத் தருகிறேன்.

"அண்ணே, ஸ்கிரீன் போயிடுச்சு" என்று கொண்டுவருவார்கள். பல நேரம் திரை போயிருக்காது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மதகிலிருந்து பார்த்துக்கொண்டே வருவோமே, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் நிறுவனத்தின் சின்னம் தெரிகிறதா? தெளிவாகத் தெரிந்து, லினக்ஸ் ஏறும்போது மட்டும் இருண்டால் பேனலைச் சந்தேகிக்க வேண்டாம். இருண்ட திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை. வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். அதற்கும் மசியாத பழைய கணினிகளில், கர்னலுக்குக் கொடுக்கும் 'ஏசிபிஐ பேக்லைட்' அளவுருவை 'வெண்டார்' அல்லது 'நேட்டிவ்' என்று மாற்றியதும் வெளிச்சம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டார்ச்சில் எதுவுமே தெரியாவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிப்பேன். தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோ, மோட், செட் மூன்றையும் இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டி, எஃப்10 அழுத்துங்கள். டிரைவர் தன் இஷ்டத்துக்குத் திரையை மாற்றாமல் இது தடுக்கும். படம் சற்றுக் கரடுமுரடாக இருக்கலாம். உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட அது போதும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் என்பதால் பயமின்றிச் செய்யலாம். அப்டேட் செய்தபின் வந்த கோளாறு என்றால், அதே பட்டியலின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் பழைய கர்னல் இருக்கும். அதிலேயே ஏறிவிடுங்கள்.

மூடித் திறந்ததும் திரை கறுத்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துவேன். எழுத்துத் திரை வந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, டெஸ்க்டாப்தான் சிக்கியிருக்கிறது.

மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போவது வேறு கதை. அது கீல் வழியாகப் போகும் கேபிள். நம் பக்கத்து அடைமழை ஈரமும் களத்துத் தூசியும் சேர்ந்து அதன் முனையில் பச்சை பூத்திருப்பதும் உண்டு. அதற்கு எந்தக் கட்டளையும் உதவாது, கழற்றித் துடைக்கத்தான் வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் லைவ் யுஎஸ்பியில் ஒருமுறை ஏற்றியும், வெளி மானிட்டரில் இணைத்தும் பாருங்கள். யுஎஸ்பியில் ஏற்றியபோது கணினியின் சொந்தத் திரையிலேயே படம் நன்றாக வந்தால் அதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பேனலை மாற்றச் சொல்ல மாட்டார்.