கைக்கு வரும் ரொக்கமும் உழவர் குடும்பமும்

உழவுத் தொழிலில் வரவு ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான். செலவோ நாள்தோறும் வந்து நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் கடன் முளைக்கிறது. அரசு நேராகக் கணக்கில் செலுத்தும் பணம் இந்த இடைவெளியை எந்த அளவுக்கு அடைக்கக்கூடும் என்பதை உழவர் பெருமக்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தொடங்கிய அளவின்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று தவணை, தவணைக்கு 2,000. தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். இவ்விரு அளவையும் வைத்துப் பார்த்தால், இரண்டும் பெறும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. ஆனால் இது ஒரே கையில், ஒரே நாளில் வரும் பணம் அன்று. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2,000 ரூபாயில் என்ன செய்யலாம்?

இரண்டு ஏக்கர் மானாவாரியில் நிலக்கடலை போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொத்து ரகத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு விதை வேண்டும். ஒரு தவணைப் பணம் ஓர் ஏக்கர் விதைக்கே காணாது. ஆகவே இந்தப் பணம் சாகுபடிச் செலவை ஏற்கும் என்று எண்ணுவது தவறு.

ஆயினும், சாகுபடியில் செலவு சிறிதாகவும் பலன் பெரிதாகவும் உள்ள வேலைகள் சில உண்டு. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேர் அழுகல் மட்டுப்படும். ஓர் ஏக்கர் விதைக்கு 200 கிராம் போதும். விதைத்த 40 முதல் 45 நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் சேர்ந்து காய் திரளும், பொக்குக் காய் குறையும். விரிவாக்கப் பணியில் நான் கண்டவரை, ஜிப்சம் இடாமல் விடுபவர்களில் பலர் அதன் பயனை அறியாதவர்கள் அல்லர். மண் அணைக்கும் அன்று கையில் காசு இல்லாதவர்கள். நாங்கள் எத்தனை கூட்டம் போட்டுச் சொன்னாலும் அந்த ஒரு நாள் காசுக்கு ஈடாகாது.

பயிர்க் காப்பீடும் இத்தகையதே. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிப் பருவ உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் உழவர் கட்ட வேண்டியது காப்புத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்புத் தொகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 600 ரூபாய்தான். கடைசி நாளில் அந்த 600 இல்லாமல் விட்டுவிட்டு, புயலுக்குப் பின் அலைவோர் அனேகம். மழைக்கு முன் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

வட்டிக்குப் போகும் பணம்

விதைப்புக்கு 20,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி, நான்கு மாதம் கழித்து அறுவடையில் அடைத்தால் வட்டி மட்டும் 2,400 ரூபாய். அரசு தந்த ஒரு தவணையும் போய், மேலும் 400 ரூபாய் கையிலிருந்து போகிறது. கடனை வியாபாரியிடமே வாங்கியிருந்தால், களத்திலேயே அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுக்க வேண்டியதாகிறது. வட்டியைவிட இந்த விலை இழப்பே பெரிது.

மாதந்தோறும் வரும் தொகையின் அருமை இங்கேதான் தெரிகிறது. மளிகைக்கும் மருந்துக்கும் அது கைகொடுத்தால், விளைச்சலை அறுத்த அன்றே விற்றாக வேண்டிய கட்டாயம் தளர்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். விலை ஏறும்போது விற்கலாம். விதைப்புச் செலவுக்கோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடன் இருக்கிறது. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. இவ்வளவு இருந்தும் மூன்று வட்டிக்குப் போவானேன் என்று கேட்பது எளிது. சங்கத்துக்கு நான்கு முறை நடக்கும் நாலு நாள் கூலியை விடமுடியாதவர்தான் அங்கே போகிறார். மாதத் தொகை அந்த நாலு நாளையும் வாங்கித் தருகிறது.

"காசைக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவான்" என்ற பேச்சு திண்ணைதோறும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் சேவா அமைப்பு யுனிசெப் உதவியுடன் இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டுக் கிராமங்களில் பெரியவர்க்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பின்னர் 300, 150 என உயர்த்தப்பட்டது. குழந்தைகளின் பங்கு தாயிடம் தரப்பட்டது. குடிச் செலவு கூடவில்லை. மக்கள் விதை வாங்கினர், ஆடு, கோழி சேர்த்தனர், கடனைக் குறைத்தனர், கூலிக்குப் போவதைக் குறைத்துச் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தனர். மேற்குக் கென்யாவில் 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்விலும் குடி, புகையிலைச் செலவு கூடவில்லை. அங்கே மற்றொன்றும் தெரிந்தது. மாதாமாதம் பெற்ற வீடுகளில் சாப்பாடு சீரானது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நீடித்த பொருள்களில் போட்டனர்.

ஆகவே நமது வீட்டிலும் இரண்டையும் ஒரே சட்டிப் பானையில் போட வேண்டாம். அம்மாவின் கணக்குக்கு வரும் மாதத் தொகை முட்டை, பருப்பு, பள்ளிச் செலவு என்று வீட்டோடு நிற்கட்டும். தவணைப் பணத்தை எடுக்காமல் விட்டுவைத்து, ஜிப்சத்துக்கோ காப்பீட்டுக்கோ நாள் வரும்போது எடுக்கலாம். தவணை விழும் தேதி நிலையானது அன்று; பட்டத்துக்காக அது காத்திருக்காது. அதை நம்பி முன்கூட்டியே கைமாற்று வாங்குவதைத் தவிர்க்கவும்.

ஒரு சங்கதி. ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரைக் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்கே போய்ச் சேரும். வேறு காரியத்துக்காகப் புதுக் கணக்குத் தொடங்கியவர்கள், பழைய புத்தகத்தைப் பதிந்து பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று வருந்துகிறார்கள். எந்த வங்கியில் இணைப்பு உள்ளது என்று முதலில் விசாரிக்கவும்.

விடுபட்டவர்கள்

பி.எம். கிசான் பணம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். டெல்டாவில் கோயில் நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுபவருக்கு அதில் இடமில்லை. மாமனார் பேரிலேயே பட்டா கிடக்க, கணவரை இழந்து தனியாகப் பயிர் வைக்கும் பெண்ணுக்கும் கிடைப்பதில்லை. உழுபவருக்கு உதவி என்று பேர் வைத்துவிட்டு, உழுபவர்களில் ஒரு சாராரை வெளியே நிறுத்துவது முறையன்று என்பது என் கருத்து. குத்தகைதாரரையும் சேர்ப்பதற்கு ஊராட்சி அளவில் சாகுபடிப் பதிவு ஒழுங்காக இருந்தாலே போதும்.

அதுவரை கையில் உள்ளதைச் செய்யலாம். வாரிசு முறையில் வந்த நிலத்துக்குத் திட்ட விதியில் இடம் உண்டு. எனவே இறந்தவர் பேரில் உள்ள பட்டாவை வாரிசுச் சான்று வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் கிசான் கடன் அட்டை பெறத் தகுதி உண்டு. பயிர்க் காப்பீட்டுக்கு அவர்களுக்கு வேண்டியது கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று. சம்பாவுக்குக் காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது. கடைசி வாரத்தில் அவர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும். நடவு முடிந்த கையோடு அக்டோபரிலேயே சான்றை வாங்கி வைத்துக்கொள்ளவும்.