கேள்வித்தாள் அச்சாவதற்கு முன்பே

மறுவாழ்வுத் துறையில் ஆய்வு செய்யப் போகிறீர்களா? கேள்வித்தாளைத் தயாரித்து முடித்த பிறகு மாற்றுத்திறனாளிகளைத் தேடிப் போகாதீர்கள். அப்போது அவர்களுக்கு மிஞ்சுவது டிக் அடிக்கிற வேலைதான். தலைப்பு முடிவாகும் முன்பே இரண்டு மூன்று பேரோடு உட்காருங்கள். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்க நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர்கள் கவலையோ பேருந்துப் படியின் உயரமாக இருக்கும்.

அவர்களைக் கேட்பது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 6-ஆவது பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்கு எட்டும் வழியில் விளக்கிப் பெற்ற ஒப்புதல் வேண்டும். அதோடு, இதற்கென அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவின் கையெழுத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள் கவனிக்க.

பலரும் சறுக்குவது ஒப்புதல் படிவத்தில். காது கேளாதோர் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி. எழுத்துத் தமிழ் அதற்கு அடுத்துதான். அதனால் சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டாரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அம்மாவே மொழிபெயர்த்தால், வீட்டில் நடப்பதை மகள் எப்படிச் சொல்வாள்? பார்வையற்றவருக்குப் படிவத்தை யூனிகோடில் அனுப்புங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசித்துத் தள்ளும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கு வெறும் படம். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள், படம் காட்டுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

பட்ஜெட்டில் எழுதாதது நடக்காது. மொழிபெயர்ப்பாளர் ஊதியம், துணையாளுக்கும் சேர்த்து ஆட்டோ செலவு, ஆலோசனை சொல்பவருக்கு மதிப்பூதியம் எல்லாம் முதல் வரைவிலேயே இருக்கட்டும். டீயும் பிஸ்கட்டும் மதிப்பூதியம் ஆகாது.

ஆய்வாளரே மாற்றுத்திறனாளியாக இருந்தால்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார். அப்படி ஒருவர் இன்று உங்கள் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? ஆய்வு உதவியாளர் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். ‘இருசக்கர வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பேருந்தில் போய்ச் செய்யக்கூடிய வேலை என்றால், இன்றைக்கே அதை அடித்துவிடுங்கள்.