ஈகோவும் ஆணவமும்: உளநோய்ச் சிகிச்சை நெறிகள்பற்றிய ஓர் ஆராய்ச்சி

சவ்வாது மலையை அடுத்த இத் திருப்பத்தூரில் எம்பால் சிவஞான சித்தியார் பாடங்கேட்கும் மாணவர் ஒருவர், கல்லூரியில் உளவியலும் பயில்கின்றார். அவர் தம் குறிப்பேட்டில் 'ஈகோ' என்னுஞ் சொல்லுக்கு நேராக 'ஆணவம்' என்று வரைந்து, 'ஐயா, இது பொருந்துமோ?' என்று வினவினார். பொருந்தாது என்பதும், பொருத்திக் கொள்ளின் நோயுற்றார்க்குத் தீங்கு விளையும் என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

முதற்கண் அச் சிகிச்சை நெறிகளைச் சுருங்கக் காண்பாம். அவை பலவாயினும் தலைமையானவை ஐந்து எனலாம். நோயின் வேரை எங்கே காண்பது என்பதில் அவை தம்முள் வேறுபடும்.

முதலாவது, வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்டு பிராய்டு வகுத்த உளப்பகுப்பு. அறிவிற்கு எட்டாது உள்ளத்தின் அடியில் அழுந்திய விருப்பும் அச்சமும் நோயாய் வெளிப்படும் என்பதும், தடையின்றிப் பேசச் செய்து அவற்றை அறிவின்முன் கொணரின் நோய் தளரும் என்பதும் அதன் கொள்கை.

இரண்டாவது, நடத்தைச் சிகிச்சை. அச்சம் பழக்கத்தால் வந்ததாயின், வேறு பழக்கத்தால் அதனை நீக்கலாம் என்பர். மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் விரும்பியதை உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அணுகச் செய்து, அவன் அச்சத்தைப் போக்கினார். இதனை 1924இல் வெளியிட்டார். ஜோசப் வோல்பே 1958இல் இத்தகைய முறையை விரித்து நூலாக்கினார்.

மூன்றாவது, கார்ல் ராஜர்ஸ் 1951இல் நூலாக்கிய நெறி. குற்றங்கூறாது, நோயாளர் நிலையிற் புகுந்து உணர்ந்து கேட்டலே இதன் உயிர். நான்காவது, 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் கண்டது. 'யான் எதற்கும் உதவேன்' என்றாற்போலும் பிறழ்ந்த எண்ணங்களைச் சான்றுகொண்டு ஆராய்ந்து திருத்துவது இது.

ஐந்தாவது, குடும்பத்தையும் சிகிச்சையில் உட்படுத்துவது. இதற்கு எடுத்துக்காட்டு நம் அண்மையிலேயே உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் நோயாளருடன் தங்கிச் சிகிச்சையிற் பங்குகொள்ளச் செய்தது.

இந் நெறிகள் எல்லா நோய்க்கும் தனித்துப் போதா. சிலவற்றிற்கு மருந்தே முதன்மையாம்.

இனி, மாணவர் வினாவிற்கு வருவாம். பிராய்டு 1923இல் எழுதிய நூலில் தாம் எழுதிய ஜெர்மானிய மொழியின் 'நான்' என்னும் எளிய சொல்லையே ஆண்டார். ஆங்கிலத்திற் பெயர்த்தோர் அதற்கு 'ஈகோ' என்னும் இலத்தீன் சொல்லை இட்டனர். அதற்கும் பொருள் 'நான்' என்பதே. விருப்பத்தின் உந்தல், மனச்சான்றின் கண்டிப்பு, புறவுலகின் நிலை ஆகிய மூன்றற்கும் இடைநின்று அமைதி காண்பது அது. அதனை வலுப்படுத்துதலே சிகிச்சையின் நோக்கம்.

ஆணவமோ உயிரை அநாதியே பற்றி மறைத்துநிற்கும் மூலமலம்; நீங்கற்பாலது. அந்தக்கரணங்களுள் ஒன்றாகிய அகங்காரம் தத்துவம்; உயிர்க்குக் கருவியாய் உதவுவது. ஈகோ ஒருவாற்றான் இவ் வகங்காரத்தை ஒக்கும். ஆயினும், புத்தியின் தொழிலும் மனத்தின் தொழிலும் அதன்கண் விரவுதலின் முற்றும் ஒவ்வாது. ஆகலின் 'நான்' என்றே பெயர்த்தல் நன்று.

இது வெறுஞ் சொல்வழக்கன்று. தன்னையே இழிவாக எண்ணி வாடும் ஒருவரிடம் 'நின் ஆணவத்தை ஒழி' என்பது, வீழ்ந்தாரை மேலும் மிதிப்பதாம்.

அற்றேல், நோய் வினைப்பயனன்றோ, சிகிச்சை எற்றுக்கெனின், உடற்பிணியும் வினைப்பயனே. அதுபற்றி மருந்துண்ணாது விடுவார் இலர் என்க. நோயை நோயென்று கொள்ளாமையின் கேட்டினை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். ஆண்டு ஒரு காப்பகத்தில் மூண்ட தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் ஓடவியலாது சிக்கினர். 28 பேர் மாண்டனர். உளநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விலக்கியுள்ளது.

திருமடங்களை நாடி இத்தகையோரை உறவினர் அழைத்துவருதல் இன்றும் உண்டு. திருநீறளித்து ஆறுதல் கூறுதலோடு, தக்க மருத்துவர்பாற் செல்லுமாறு வழிகாட்டுதலும் அடியார்க்குரிய கடன் என்பது எம் துணிபு. மாணவரும் தம் குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டார்.