மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் ஏற்ற வேண்டுமானால், மடக்கிய சைக்கிள் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். கடைக்கு அளவு டேப்போடு போங்கள். துருத்தி நிற்கும் பெடலையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து அளக்க வேண்டும்.

விலை குறைந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது நடுச்சட்டத்தின் கீல். அதைப் பூட்டிவிட்டு, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கீலின் இணைப்பில் விரலை வைத்தால் லேசான ஆட்டம்கூடத் தெரியும். ஆடினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய வண்டி என்றால், வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

சக்கரத்துக்கு 20 அங்குலமே என் சிபாரிசு. 16 அங்குலம் கச்சிதம்தான். ஆனால் அதில் 305, 349 மி.மீ. என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. மேம்பாலம் ஏற ஆறேழு கியர் போதும். உயரமானவர்கள், சீட் கம்பியின் எல்லைக்கோடு வெளியே தெரியாதபடி வசதியாக மிதிக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் மடக்கிக் காட்டுவதோடு திருப்தி அடையாதீர்கள். நீங்களே மடக்கி, தூக்கி, நாலு படி ஏறிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.